ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதலில் கெப்பாசிட்டரைப் பாருங்கள்

வீட்டு ரிப்பேர் வேலையைத் தப்பும் தவறுமாகச் செய்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எந்தத் தப்பு பரவாயில்லை, எந்தத் தப்பு உயிருக்கே வினை என்று தெரிந்துகொண்டுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும். பழகிப் பார்க்கச் சாதாரண சீலிங் ஃபேன் நல்ல இடம். (பிஎல்டிசி ஃபேனுக்கு, அதாவது எலக்ட்ரானிக் சர்க்யூட்டில் ஓடும் புதுவகை ஃபேனுக்கு, இது பொருந்தாது.)

ரெகுலேட்டரை 5-இல் வைத்தும் மெதுவாகவே சுற்றுகிறதா? அல்லது உறுமிக்கொண்டு அப்படியே நிற்கிறதா? காய்ந்த நீளக் குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளுங்கள். தள்ளிய பக்கம் சுற்ற ஆரம்பித்தால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் (மோட்டார் சுற்ற உந்துதல் தரும் சிறு பாகம்) போயிருக்கும். வருடக்கணக்கில் ஓடும்போது அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். 2.5 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியது 1.5-க்கு இறங்கினால் மோட்டாருக்கு உந்துவிசை போதாது.

அடுத்ததுதான் தப்பே செய்யக் கூடாத இடம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள், அப்போது அணைத்தாலும் ஃபேன் ஒயரில் மின்சாரம் இருக்கும். மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்தே ஆக வேண்டும். மெயின் போனதும் ஃபேன் லைனுக்கு மின்சாரம் கொடுப்பதே அதுதான், பலரும் மறப்பதும் இதைத்தான். மெயினை இறக்கும் முன்பே டெஸ்டர் எரிகிறதா என்று ஓடுகிற பிளக்கில் பார்த்துவைத்து, மெயினை இறக்கி, அடுத்துச் சொல்லும் கப்பைத் திறந்த பிறகு ஃபேன் ஒயரில் வையுங்கள், எரியக் கூடாது. கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் மின்சாரம் கடத்தாத பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை இணைத்து, மிச்ச மின்னூட்டத்தையும் இறக்கிவிடுங்கள்.

ஃபேனைக் கழற்ற வேண்டியதில்லை. ராடில் இருக்கும் கப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் ஒயர்கள் தெரியும். ஒயரை அவிழ்க்கும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். பழையதில் அச்சிட்டிருக்கும் அதே மதிப்பு, 440 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். வேகம் கூடும் என்று 2.5-க்குப் பதில் 4 போடுவது வேண்டாம், வைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுருள்) சூடாகும். கெப்பாசிட்டருக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது. ஆனால் சப்ளை ஒயரைக் கெப்பாசிட்டரின் ஒரு முனைக்குப் பதில் மறுமுனையில் மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றி, காற்று மேலே போகும். இந்தத் தப்பைத் தாராளமாகச் செய்யலாம், மெயினை மறுபடி இறக்கி மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

புதியது போட்டும் வேகம் வரவில்லையென்றால், அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சட்டென நின்றால் பேரிங். அதற்கு மோட்டாரைப் பிரிக்க வேண்டும், பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லரும் வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் ஷாஃப்ட் கெடும், எனவே அதைக் கடையில் கொடுங்கள்.