ஆண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன்: எதற்குக் கேட்கும், எதற்குக் கேட்காது

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் "லிஃப்டில் அந்த நாய் உறுமுது" என்று ஒரு புகார் வந்தால் போதும், பத்து நிமிடத்தில் தீர்ப்பும் வந்துவிடும்: "ஆபரேஷன் பண்ணிடுங்க சார், சாந்தமாயிடும்." சொல்பவர்களில் பாதிப் பேர் நாய் வளர்த்ததே இல்லை. ஓனரும் நம்பிப் பண்ணிவிடுகிறார். மூன்று மாதம் கழித்து நாய் அதே லிஃப்டில் அதே மாதிரி உறுமுகிறது. உடனே டாக்டர் சரியில்லை என்று பேச்சு.

டாக்டர் சரியாகத்தான் பண்ணியிருப்பார். கேட்காத வியாதிக்கு மருந்து கொடுத்ததுதான் கோளாறு. ஆண் நாய்க்கு விதை எடுப்பது சில குணங்களுக்கு நன்றாகவே கேட்கும், சிலதற்குப் பாதிக்குப் பாதி, கடிக்கு ரொம்பக் கம்மி.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1976ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில், வளர்ந்த பிறகு ஆபரேஷன் செய்த 42 ஆண் நாய்களைப் பற்றி ஓனர்களிடம் கேட்டார்கள். ஊர் சுற்றுவது சுமார் 90 சதவீத நாய்களில் குறைந்தது. பிற நாய்கள் மீதோ ஆட்கள் மீதோ ஏறுவது மூன்றில் இரண்டு பங்கு நாய்களிலும், ஆண் நாய்களோடு சண்டை ஏறக்குறைய 60 சதவீதத்திலும், வீட்டுக்குள் காலைத் தூக்குவது பாதி நாய்களிலும் குறைந்தன. 1997ல் அங்கேயே 57 நாய்களை வைத்து இன்னும் கறாராகப் பார்த்தார்கள். சுற்றுவது, ஏறுவது, சிறுநீரால் அடையாளம் போடுவது மூன்றிலும் 60 சதவீதத்துக்கு மேற்பட்ட நாய்களில் பிரச்சினை பாதியாவது குறைந்தது. கிட்டத்தட்ட முழுசாகவே நின்றது 25 முதல் 40 சதவீதத்தில்தான். வீட்டு ஆட்களிடமோ வெளியாட்களிடமோ சீறுவது, பயம் எல்லாம் பாதியாவது குறைந்தவை 35 சதவீதத்துக்கும் கீழே.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நாயின் வயதுக்கோ, பழக்கம் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கோ பலனோடு சம்பந்தம் தெரியவில்லை. ஆகவே "அஞ்சு வயசாச்சு, இனி பண்ணி என்ன பிரயோஜனம்" என்பதும் சரியில்லை, "இப்பவே பண்ணலேன்னா கெட்டுப்போயிடும்" என்று ஆறு மாதக் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் சரியில்லை.

ஏன் இப்படி? விதையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் சரிந்துவிடும். ஆனால் ஆண் நாயின் மூளை பிறப்பை ஒட்டிய நாட்களிலேயே ஆணாக வார்க்கப்பட்டுவிடுகிறது. அதற்குப் பின் ஹார்மோன் செய்வது அந்தக் குணங்களைக் கூட்டி வைப்பது மட்டும்தான். கூட்டி வைத்ததைக் குறைக்கலாம், வார்ப்பை அழிக்க முடியாது. அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் பெரும்பாலான நாய் காலைத் தூக்கியேதான் போகும். சில நாய் ஹீட்டில் (இணைசேரும் பருவத்தில்) உள்ள பெண் நாயோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளக்கூடச் செய்யும். குட்டி மட்டும் தங்காது. அதுவும் உடனே இல்லை. குழாயில் மிச்சமிருக்கும் விந்தணு தீர நாலு முதல் ஆறு வாரம் வரை பெண் நாய் பக்கம் விடக்கூடாது. குணம் மாறவும் சில நாய்க்கு ஒரு வாரம் போதும், சிலதற்கு ஆறு மாதம் ஆகும்.

ஊர் சுற்றுவதற்கு இவ்வளவு நன்றாகக் கேட்பதற்குக் காரணம் எளிது. அது முழுக்க மூக்கு விவகாரம். தெருக்கோடியில் ஒரு பெண் நாய் ஹீட்டுக்கு வந்தால் இங்கே இவன் சோறு தின்ன மாட்டான், ராத்திரியெல்லாம் முனகுவான், கேட் இடுக்கில் தலையை விடுவான், கிடைத்த சந்தில் ஓடுவான். வண்டியில் அடிபடுவதும் பிற நாய்களிடம் கடிபடுவதும் இந்த ஓட்டத்தில்தான். இதற்காக ஆபரேஷன் என்றால் தயங்கவே வேண்டாம்.

வீட்டுக்குள் சிறுநீர் என்றால் முதலில் இடத்தையும் அளவையும் பாருங்கள். சோபா கால், திரைச்சீலை, பைக் டயர் என்று நிமிர்ந்து நிற்கும் பொருளில் கொஞ்சமே கொஞ்சம் தெளித்தால் அது அடையாளம் போடுவது. தரையில் குளம் கட்டினால் பழக்கக் குறைவு அல்லது நீர்த்தாரைத் தொற்று. அதற்கு ஆபரேஷன் எதுவும் செய்யாது. அடையாளம் போடும் நாய்க்கும் பழைய வாடை இருந்தால் பழக்கம் தொடரும். ஃபினாயில் நம் மூக்குக்குத்தான் மறைக்கும், நாய்க்கு இல்லை. நாய்ச் சிறுநீருக்கென்று விற்கும் என்சைம் கிளீனரை ஊற்றி, துடைக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விட வேண்டும்.

இப்போது லிஃப்டுக்கு வருவோம். கதவு திறந்து ஆள் நுழையும்போது நாயின் முகத்தைப் பாருங்கள். காது பின்னால் ஒட்டி, வால் வயிற்றுக்கடியில் சொருகி, நாக்கு மூக்கை நக்கி, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிந்தால் அது பயம். சின்னப் பெட்டிக்குள் ஓட இடமில்லாமல் மாட்டிக்கொண்டது உறுமி ஆளை விரட்டப் பார்க்கிறது. இந்த நாய்க்கு ஹார்மோனை எடுப்பதால் தைரியம் வந்துவிடாது. விதை எடுத்த ஆண் நாய்களில் பயம் சற்று அதிகம் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி ஓனர்கள் தந்த விவரத்தை வைத்து 2018ல் வந்த ஆய்வில், ஆபரேஷன் செய்தவற்றில் சீற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை. 7 முதல் 12 மாத வயதில் செய்தவை அந்நியர்களிடம் சற்றுக் கூடுதலாகவே சீறின. ஆபரேஷன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் "சாந்தமாயிடும்" என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

பயந்த நாய்க்குச் செய்ய வேண்டியது வேறு. சில வாரம் லிஃப்டை விட்டுப் படியில் இறக்குங்கள், முடியாவிட்டால் காலியான லிஃப்டில் மட்டும். ஆளைப் பார்த்தும் உறுமாத தூரம் எது என்று கண்டுபிடியுங்கள், இருபது அடியோ முப்பது அடியோ. அங்கே நின்று, ஆள் தெரிந்ததும் பட்டாணி அளவு வேகவைத்த சிக்கன் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஆள் போனதும் நிறுத்துங்கள். தூரத்தைக் குறைப்பது வாரக் கணக்கில்தான். வாய்க்கூடை போட்டுப் பழக்குங்கள். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வகை, வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம். உறுமினால் அடிப்பது மட்டும் கூடவே கூடாது. உறுமல் நின்றுவிடும், பயம் நிற்காது. அடுத்தது எச்சரிக்கையே இல்லாத கடி.

திடீரென்று கடிக்க ஆரம்பித்த நாய் என்றால் முதலில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காதில் சீழ், பல், இடுப்பு மூட்டு. சோற்றுத் தட்டைக் காப்பது, பூனையைத் துரத்துவது, கேட்டில் நின்று குரைப்பது எதுவும் விதையோடு போவதில்லை. "ராஜபாளையத்துக்குப் பண்ணினா காவல் போயிடும்" என்று பயப்படுபவர்களுக்கும் இதேதான் பதில்.

வயது விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். எலும்பு வளர்ச்சித் தட்டு சரியான நேரத்தில் மூடுவதற்கு இந்த ஹார்மோன்கள் வேண்டும். டேவிஸ் வளாகத்தின் இன்னொரு ஆய்வில் ஜெர்மன் ஷெப்பர்ட் ஆண் நாய்களில், ஆபரேஷன் செய்யாதவற்றில் 7 சதவீதத்துக்கு மூட்டுக் கோளாறு, ஒரு வயதுக்குள் செய்தவற்றில் 21 சதவீதத்துக்கு. லேப், கோல்டன், ஷெப்பர்ட் என்றால் ஒரு வயது தாண்டட்டும், ஷெப்பர்டுக்கு இன்னும் தள்ளினாலும் நல்லது. சின்ன இனங்களில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம்மூர் நாய்களைப் பெரிய இனமாகவே எடுத்துக்கொள்வது பத்திரம்.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், முக்கியமாக பிளேட்லெட். நம் ஊரில் உண்ணியால் வரும் எர்லிக்கியா காய்ச்சல் சகஜம். நாய் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பிளேட்லெட் சரிந்திருக்கும், வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்காது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லி வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு கம்மி, சில மயக்க மருந்து தெளிய நேரமாகும். டாக்டரிடம் இனத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் விதைப்பையில் ஒரு விதைதான் இருக்கிறதென்றால், மற்றது வயிற்றிலோ தொடை இடுக்கிலோ நிற்கிறது. வெளியே தெரிவதை மட்டும் எடுத்து அனுப்பினால் உள்ளே இருப்பது ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும், குணமும் அப்படியே இருக்கும், கட்டி வரும் ஆபத்தும் கூடுதல். "பண்ணியும் ஒண்ணும் மாறலையே" என்பவர்களில் சிலரது நாய் இந்த வகை. இரண்டையும் எடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் கோன், தையல் பிரிக்கும் வரை பத்து முதல் பதினான்கு நாள், குளியல் கிடையாது. பாவமாக இருக்கிறதென்று கோனைக் கழற்றினால் ஒரே ராத்திரியில் தையலை நக்கிப் பிரித்துவிடும். கட்டிலில் ஏறிக் குதிக்க விட்டால் விதைப்பையில் ரத்தம் கட்டும். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் ஓரிரு நாள் தனி அறை. ஆஸ்பத்திரி வாடையோடு வருவதை மற்றது அந்நியனாகப் பார்க்கும். சாப்பாட்டைக் கால் பங்கு குறைத்து மாதம் ஒரு முறை எடை பாருங்கள். "ஆபரேஷன் பண்ணி மந்தமாயிட்டான்" என்பதில் முக்கால்வாசி, குறைக்காத சோறுதான்.

தெருநாய்க் கணக்கு வேறு. அங்கே ஆண் நாயின் குணத்தைவிட முக்கியம் குட்டி போடும் பெண் நாய். பத்தில் ஒன்பது ஆணுக்குப் பண்ணினாலும் மிச்சம் ஒன்று தெரு முழுக்கப் போதும். குட்டியைக் காக்கிற தாய் கடிப்பதும் கருத்தடைக்குப் பின் இருக்காது. தெருநாய்க் கருத்தடைக்கான மத்திய அரசின் 2023 விதிகளின்படி ஆபரேஷனும் ரேபிஸ் ஊசியும் முடிந்த நாயைப் பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வேறு தெருவில் விட்டால் எல்லைச் சண்டை தொடங்கும். காதில் வெட்டு அடையாளம் இருந்தால் அந்த நாய்க்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. உங்கள் தெருவில் அடையாளம் இல்லாத நாய்கள் எத்தனை, எந்த முனையில் படுக்கின்றன என்று குறித்து வைத்துக்கொண்டு, சென்னை மாநகராட்சியில் இருந்தால் 1913 என்ற எண்ணுக்கு போன் செய்து சொல்லுங்கள். பெண் நாய்கள் எவை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.