கதவு முழுக்க ஒட்டத் தேவையில்லை

காரின் நான்கு கதவுகளிலும் ஓர் அங்குலம்கூட இடம் விடாமல் பியூட்டைல் ஷீட் (பசையுள்ள ரப்பர் விரிப்பு) ஒட்டினால்தான் உள்ளே சத்தம் குறையும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஷீட், கதவுத் தகடு அதிர்வதை அடக்கத்தான். தகட்டின் நடுவில் கால்வாசி இடத்துக்கு ஒட்டினாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். விரலால் தட்டிப் பாருங்கள், ‘டங்’ என்பது ‘டொக்’ என்று மாறினால் சரி. மிச்சப் பணத்தைத் தரைக்கும் பின்சக்கர வளைவுக்கும் போடலாம். தினமும் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலத்தில் வேலைக்கு வருகிறேன், 13.5 கிலோமீட்டரும் காதில் விழுவது டயர் இரைச்சல்தான்.

அப்புறம், மலிவு என்று தார் ஷீட் பக்கம் போய்விடாதீர்கள். நான் போனேன். வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் புதிதாகத் தார் போட்ட ரோட்டு வாடை. போதாததற்கு, கதவின் அடியில் மழைநீர் வடியும் ஓட்டைகளையும் கடைக்காரர் சேர்த்து அடைத்துவிட்டார். நம்ம ஊர் மழையைச் சொல்லவா வேண்டும்! பிரேக் போடும்போதெல்லாம் கதவுக்குள் சளக் சளக். மீன் வளர்க்கலாமே என்றாள் மனைவி.

இரண்டாவது முறை நானே செய்தேன். ஆல்கஹால் தொட்டு எண்ணெய்ப் பசையைத் துடைத்து, பியூட்டைல் ஷீட்டை ஒட்டி, அதன் மேலிருக்கும் அலுமினியத் தாளின் புடைப்புகள் தட்டையாகும் வரை சின்ன உருளையால் அழுத்தினேன். ஒரு கதவுக்கே கை விட்டுப்போனது. ஆனால் ஹைவேயில் கேட்ட விசில் சத்தம் மட்டும் போகவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவு ரப்பரை மாற்றிய பிறகுதான் அது நின்றது.