ரீபில்ட் பட்டன்ல இருந்து கையை எடுங்க

நாஸ் பெட்டி, அதாவது ஃபைலை எல்லாம் நெட்வொர்க்ல சேர்த்து வைக்கிற பெட்டி, செத்தா, செத்தது பெட்டி மட்டும்தான். உள்ள இருக்கிற நாலு ஹார்ட் டிஸ்க்ல கல்யாண ஆல்பம், ஜிஎஸ்டி கணக்கு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அதைச் சாகடிக்கிறது அடுத்த ஒரு மணி நேரத்துல பதறிப்போய் அதுமேல கை வைக்கிற ஆளுங்க. காட்பாடி ஸ்டூடியோவா இருக்கட்டும், சத்துவாச்சாரி ஆடிட்டர் ஆபீஸா இருக்கட்டும், ராணிப்பேட்டை தோல் கம்பெனியா இருக்கட்டும், ஆரணி பட்டுக் கடையா இருக்கட்டும், நடக்கிறது ஒண்ணுதான். "தம்பி, பெட்டி வேலை செய்யல, கொஞ்சம் பாருப்பா"ன்னு ஓனர் கூப்பிடுவார். "ரீபில்ட் போட்டா வந்துடும்ணா"ன்னு ரிப்பேர் ஆள் பதில் சொல்வார், அதாவது போன டிஸ்க்ல இருந்ததை மத்த டிஸ்க்கை வெச்சுப் புது டிஸ்க்ல திரும்ப எழுதிடலாமாம். என்ன பழுதுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே வர்ற அந்தப் பதிலைக் கேட்டாலே வயிறு எரியுது.

பெட்டி ஆன் ஆகலைன்னா முதல்ல பார்க்க வேண்டியது அடாப்டர். சின்ன நாஸ் பெட்டிங்க பெரும்பாலும் வெளி அடாப்டர்ல, 12 வோல்ட்ல ஓடுது. ரெண்டு டிஸ்க் பெட்டின்னா 5 ஆம்பியர், நாலு டிஸ்க்னா 7, 8 ஆம்பியர். வயசான அடாப்டர்ல மல்டிமீட்டர் வெச்சா 12 காட்டும். ஆனா 3.5 இன்ச் டிஸ்க் ஒவ்வொண்ணும் சுத்த ஆரம்பிக்கிற நொடியில 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். நாலும் சேர்ந்து இழுத்தா வோல்டேஜ் படுத்துடும். லைட் எரியும், ஃபேன் சுத்தும், டிஸ்க் மட்டும் கிளம்பாது. உடனே "நாலும் போச்சுங்க"ன்னு தீர்ப்பு சொல்லிடறாங்க! அடாப்டர் மாத்தினா முடியுற வேலை அது.

அதையும் ஒழுங்கா மாத்த மாட்டேங்கிறாங்க. முனை பொருந்துதுன்னு லேப்டாப்போட 19 வோல்ட் அடாப்டரைச் சொருகுறாங்க. நிறைய பெட்டியில அந்த 12 வோல்ட் நேரா டிஸ்க்கோட மோட்டார் லைனுக்கே போகுது. 19 வோல்ட் உள்ள வந்தா ஒரே அடியில நாலு டிஸ்க்கோட சர்க்யூட் போர்டும் அடி வாங்கும். போர்டுல டிவிஎஸ் டயோடுன்னு ஒண்ணு இருக்கும். அதிக வோல்டேஜ் வந்தா தான் ஷார்ட் ஆகி மத்ததைக் காப்பாத்துறதுதான் அதோட வேலை. அந்த டயோடு செத்துக் காப்பாத்தியிருந்தா அதிர்ஷ்டம். இல்லைன்னா ரெய்டுல, அதாவது பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து ஓட்டுற ஏற்பாட்டுல, ஒரு டிஸ்க் போனா தாங்கும்ங்கிற கணக்கெல்லாம் அங்கேயே முடிஞ்சுது. அடாப்டர் ஸ்டிக்கர்ல எழுதியிருக்கிற வோல்டேஜைப் படிக்கிறதுக்கு அஞ்சு நொடி ஆகுமா?

பெட்டியோட மதர்போர்டே போயிருந்தாலும் டிஸ்க்கைப் பத்திப் பயப்படத் தேவையில்ல. இன்டெல் ஆட்டம் சி2000 சிப்ல கிளாக் சிக்னல் செத்துப்போற குறை 2017ல வெளியே வந்தது. அந்தச் சிப் போட்ட நாஸ் பெட்டிங்க ஒரு நாள் திடீர்னு எழுந்திருக்காது. டிஸ்க்குக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. இந்த இடத்துலதான் வேற கம்பெனிப் பெட்டி ஒண்ணை வாங்கி, நாலு டிஸ்க்கையும் அதுல சொருகி, "இனிஷியலைஸ் பண்ணவா?"ன்னு அது கேட்டா ஓகே குடுக்கிறாங்க. அந்த ஓகே பழைய பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிச்சு வெச்சிருக்கிற பகுதி) எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா எழுதச் சொல்றதுங்க! அதே கம்பெனியோட பொருத்தமான மாடல்னா பழைய செட்டை அடையாளம் கண்டுக்கும், அப்பவும் "மைக்ரேட்"னு கேட்டா மட்டும்தான் மேல போகணும். டிஸ்க்கைக் கழட்டி விண்டோஸ் கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் இதே கண்டம்தான். நிறைய பெட்டிங்க ஓடுற லினக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட பார்ட்டிஷன் விண்டோஸுக்குப் புரியாது, "ஃபார்மேட் செய்யணும்"னு கேட்கும். கேன்சல் பட்டன் பக்கத்துலயே இருக்கு. ஏன் அதை யாரும் அழுத்த மாட்டேங்கிறாங்க?

இனி ரீபில்ட் விஷயத்துக்கு வரேன்.

ரெய்டு 5ல (ஒரு டிஸ்க் போனாலும் மத்ததை வெச்சு ஓடுற வகை) ஒரு டிஸ்க் செத்து விழுந்தா பெட்டி கத்தும். பீப் சத்தம், ஆரஞ்சு லைட். அந்தச் சத்தம் தொல்லையா இருக்குன்னு செட்டிங்ல போய் அமுக்கிடறாங்க! ஃபைல் வருதே, அப்புறம் பார்த்துக்கலாம்னு ஆடியில விழுந்த டிஸ்க்கோட தை வரைக்கும் ஓட்டுறாங்க. முகூர்த்த சீசன்ல ரெண்டாவது டிஸ்க்கும் தடுமாறும்போதுதான் ஆள் தேடுறாங்க. வந்த ஆள் புது டிஸ்க் ஒண்ணைச் சொருகி ரீபில்ட் அழுத்துறார்.

ரீபில்ட்னா என்னன்னு தெரிஞ்சா யாருக்கும் கை போகாது. மிச்சம் இருக்கிற எல்லா டிஸ்க்கையும் முதல் செக்டர்ல (டிஸ்க்ல டேட்டா எழுதுற சின்னக் கட்டம்) இருந்து கடைசி செக்டர் வரைக்கும் படிக்கணும். 4 டிபி டிஸ்க்னா நல்ல வேகத்துல ஏழு, எட்டு மணி நேரம். நடுவுல ஆபீஸ்காரங்க ஃபைல் எடுத்தா ஒரு நாளைத் தாண்டும். ஒரே நாள்ல ஒரே கடையில வாங்கி, ஒரே வெயில்ல வெந்த டிஸ்க்குங்க அதுங்க. வருஷக்கணக்கா யாரும் தொடாத மூலையில செக்டர் கெட்டுப் போயிருந்தா அன்னைக்குத்தான் தெரியும். தெரிஞ்ச அந்த நொடியே அந்த டிஸ்க்கும் கூட்டத்துல இருந்து வெளியே விழும்.

இப்படி விழுற டிஸ்க் முழுசா செத்ததும் இல்ல. சாதா டெஸ்க்டாப் டிஸ்க் கெட்ட செக்டரைப் பார்த்தா அதைப் படிச்சே தீருவேன்னு ஒரு நிமிஷத்துக்கு மேல கூட போராடும். லினக்ஸ் சாதாரணமா 30 நொடிதான் காத்திருக்கும். அப்புறம் பதில் இல்லைன்னு டிஸ்க்கையே ரீசெட் பண்ணி, கடைசியில வெளியே தள்ளிடும். நாஸுக்குன்னு செஞ்ச டிஸ்க் சுமார் 7 நொடியில "முடியல"ன்னு சொல்லிடும், அப்போ ரெய்டு அந்தத் துண்டை மத்த டிஸ்க்ல இருந்து கணக்குப் போட்டு எடுத்துக்கும். இதுல எஸ்எம்ஆர் டிஸ்க் (தடங்களை ஒண்ணு மேல ஒண்ணு படியுற மாதிரி எழுதுற வகை) கலந்திருந்தா இன்னும் மோசம், ரீபில்டுக்கு வர்ற தொடர் எழுத்தைத் தாங்காம மணிக்கணக்கா திணறும். டபிள்யூடி கம்பெனி நாஸுக்குன்னு விக்கிற ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரைக்கும் சில மாடல் எஸ்எம்ஆர்னு 2020ல வெளியே வந்தது, அதுக்கு அப்புறம்தான் ரெட் பிளஸ்னு தனியா பிரிச்சாங்க. வாங்கும்போது சிஎம்ஆரான்னு (தடங்களைத் தனித்தனியா எழுதுற வகை) ஒரு வார்த்தை கேளுங்க. கடைக்காரருக்குத் தெரியலைன்னா மாடல் நம்பரைப் போட்டு நீங்களே பாருங்க.

அடுத்த அநியாயம் தம்ப்நெயில் வியாபாரம். ரெய்டு 5 டிஸ்க் ஒண்ணை மட்டும் தனியா மாட்டி, இலவச ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டி, "பாருங்கண்ணா, எல்லாப் போட்டோவும் தெரியுது"ன்னு காட்டிக் காசு வாங்குறாங்க. ரெய்டு ஃபைலை 64 கேபி, 512 கேபின்னு துண்டு போட்டு டிஸ்க் டிஸ்க்கா மாத்தி மாத்தி வைக்குது. கேமராப் படத்தோட குட்டி முன்னோட்டம், அதாவது தம்ப்நெயில், ஃபைலோட தலையிலயே இருக்கிறதால முதல் துண்டுலயே முழுசா வந்துடும். மிச்சப் படம் அடுத்த டிஸ்க்ல இருக்கு! திறந்தா மேல ஒரு பட்டை, கீழ முழுக்க சாம்பல் நிறம். ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்தை மொத்தமா தொலைச்சுட்டு, அதுக்குக் கூலியும் வாங்குறது எந்த நியாயம்?

சரியான வழி ரகசியம் ஒண்ணும் இல்ல. பெட்டியை அணைங்க. டிஸ்க்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல 1, 2, 3, 4ன்னு எழுதி, சீரியல் நம்பரோட போட்டோ எடுங்க. லினக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணா மாட்டி ஸ்மார்ட் ரிப்போர்ட் (டிஸ்க் தன் உடம்பைப் பத்தித் தானே குறிச்சு வைக்கிற கணக்கு) பாருங்க. 5, 197, 198 இந்த மூணு வரியில எண் ஏறியிருந்தா டிஸ்க்கோட தட்டுல பிரச்சினை. 199 மட்டும் ஏறியிருந்தா பெரும்பாலும் கேபிள் இல்லைன்னா கனெக்டர்.

அடுத்தது டிடி-ரெஸ்க்யூ, கெட்ட டிஸ்க்கைக் காப்பி எடுக்கிற லினக்ஸ் கருவி. ஒவ்வொரு டிஸ்க்கையும் முழு இமேஜா, அதாவது அச்சு அசலான நகலா, வேற நல்ல டிஸ்க்ல இறக்கணும். முதல் சுத்துல நல்லாப் படிக்க முடியுறதை மட்டும் வேகமா எடுக்கணும், முரண்டு பண்ற இடத்தை விட்டுட்டுப் போகணும். ரெண்டாவது சுத்துல விட்டதை மட்டும் மூணு தடவை முயற்சி பண்ணணும். மேப் ஃபைல் (எதை எடுத்தாச்சு, எதை விட்டாச்சுன்னு குறிக்கிற ஃபைல்) குடுக்காம ஓட்டாதீங்க. கரண்ட் போனா விட்ட இடத்துல இருந்து தொடர்றதுக்கு அது ஒண்ணுதான் வழி. நோயாளி டிஸ்க்கை யூஎஸ்பி டாக்ல (டிஸ்க்கை வெளியில இருந்து சொருகுற ஸ்டாண்ட்) மாட்டாதீங்க, கெட்ட செக்டர் வந்தா டாக்கே தொங்கிடும். நேரா மதர்போர்டுல இருக்கிற சாட்டா போர்ட்ல மாட்டுங்க. டக் டக்னு சத்தம் வந்தா அந்த நொடியே பவரை எடுங்க. அது ஹெட் (தட்டைப் படிக்கிற முனை) அடி வாங்குற சத்தம், ஒவ்வொரு சுத்தும் தட்டைச் சுரண்டலாம்.

4 டிபி டிஸ்க் நாலுன்னா இமேஜுக்கு 16 டிபி இடம் வேணும், மீட்ட ஃபைலை வைக்க இன்னும் தனியா வேணும். இங்கதான் "அவ்ளோ செலவா?"ன்னு எல்லாரும் பின்வாங்குறாங்க. டிஸ்க்குக்குச் செலவு பண்ண மனசு வரலைன்னா ஒரிஜினல் மேல விளையாடவும் கூடாது. இமேஜ்ல தப்புப் பண்ணா மறுபடி ஆரம்பிக்கலாம். ஒரிஜினல்ல பண்ணா திரும்ப வழியே கிடையாது.

இமேஜ் வந்ததும் எம்டி-ஆடம்ங்கிற லினக்ஸ் ரெய்டு கருவியில எக்ஸாமின் கட்டளை போட்டு ஈவன்ட் எண்ணையும் (ரெய்டுல மாற்றம் நடக்க நடக்க ஏறுற எண்) கடைசியா எழுதின தேதியையும் ஒப்பிடுங்க. நிறைய நாஸ் பெட்டிக்குள்ள ஓடுறது இதே லினக்ஸ் ரெய்டுதான். மூணு டிஸ்க்ல எண் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்து, நாலாவது ஆயிரக்கணக்குல பின்தங்கி, தேதியும் ஆடி மாசமா இருந்தா, அதுதான் முதல்ல விழுந்த டிஸ்க். அதை உள்ள சேர்த்தா ஆடி மாச டேட்டாவும் தை மாச டேட்டாவும் கலந்து ஃபைல் எல்லாம் நாசமாகும். மத்த மூணை மட்டும் ரீட்-ஒன்லியா (எழுதவிடாம படிக்க மட்டும்) அசெம்பிள் பண்ணி ஒண்ணு சேருங்க, எல்விஎம் (ரெய்டு மேல இடத்தைப் பிரிச்சுத் தர்ற அடுக்கு) இருந்தா அதை எழுப்புங்க, ஜர்னலை (பாதியில நின்ன மாற்றங்களோட குறிப்பு) ஓட்டவிடாம ரீட்-ஒன்லியா மவுன்ட் பண்ணித் திறங்க, காப்பி எடுங்க. ஏதாவது எழுதித்தான் ஆகணும்னா மேல ஓவர்லே போடுங்க. எழுதுறது எல்லாம் தனி ஃபைலுக்குப் போகும், இமேஜ் அப்படியே இருக்கும்.

எம்டி-ஆடம்ல கிரியேட்ங்கிற கட்டளையைக் கையாலயும் தொடாதீங்க! எங்கேயோ படிச்சுட்டு "புதுசா கிரியேட் பண்ணா பழசு வந்துடும்"னு அடிக்கிறாங்க. அது பழைய சூப்பர்பிளாக் (ரெய்டோட அமைப்பை எழுதி வெச்சிருக்கிற இடம்) மேல எழுதிடும். டிஸ்க் வரிசையோ, துண்டு அளவோ, டேட்டா தொடங்குற இடமோ ஒண்ணு மாறினாலும் பாரிட்டியை (போன டிஸ்க்கை மீட்க வெச்சிருக்கிற கூடுதல் டேட்டா) தப்பாக் கணக்குப் போட்டு நல்ல டேட்டா மேலயே எழுத ஆரம்பிக்கும். கூடவே ஃபைல் சிஸ்டத்தைச் சரிபண்ற எஃப்எஸ்சிகேவை "எல்லாத்துக்கும் எஸ்"னு ஓட்டினா மிச்சம் இருந்ததும் போகும்.

மவுன்ட் ஆகலைன்னா உடனே டேட்டா போச்சுன்னும் முடிவு கட்டாதீங்க. பழைய ஒற்றை டிஸ்க் பெட்டி சிலதுல எக்ஸ்ட்4ங்கிற ஃபைல் சிஸ்டத்தோட பிளாக் 64 கேபி இருக்கும், சாதா கம்ப்யூட்டர்ல பெரும்பாலும் நேரா மவுன்ட் ஆகாது. ஃப்யூஸ்ங்கிற சாஃப்ட்வேர் வழியா திறக்கும். கியூநாப் கம்பெனிப் பெட்டியில எல்விஎம்மைத் தங்களுக்குன்னு மாத்தி வெச்சிருக்காங்க, அதனால சாதா லினக்ஸ் திணறும். அதே கம்பெனிப் பெட்டியோ அதைப் படிக்கிற சாஃப்ட்வேரோ வேணும். பிடிஆர்எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம்னா ரெஸ்டோர்னு தனி கட்டளை இருக்கு, மவுன்ட் பண்ணாமலே ஃபைலை வெளிய எடுக்கும்.

ஃபிரீசர்ல வைக்கச் சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க. நம்ம ஊர்க் காத்துல வெளியே எடுத்த உடனே டிஸ்க் வேர்த்துப்போகும், ஈரம் தட்டுல படியும். அதே மாடல் போர்டை மாத்தினா ஓடும்னு சொல்றதும் இப்போ செல்லாது. அந்தந்த டிஸ்க்குக்குன்னு அளந்து எழுதின விவரம் பெரும்பாலும் போர்டுல இருக்கிற எட்டுக் கால் சிப்ல இருக்கு, அதையும் எடுத்துப் புதுப் போர்டுல வைக்கணும். கடை மேஜையில டிஸ்க்கோட மூடியைத் திறக்கிறவங்களைப் பத்திப் பேசவே எனக்கு ஆத்திரமா வருது.

வேலூர் வெயில் தெரிஞ்சும் பெட்டியை ஷீட் கூரைக்குக் கீழ பரண்ல, இரும்பு பீரோவுக்குள்ள வெச்சிருக்காங்க. கத்திரியில அறையே 40ஐத் தாண்டும், காத்து போகாத இடத்துல டிஸ்க் 55ஐத் தாண்டுறது சுலபம். மாதாந்திர பராமரிப்புன்னு காலையில கரண்ட் போகும்னு முன்னாடியே அறிவிப்பு வருது, அன்னைக்காவது பெட்டியை ஒழுங்கா ஷட்டவுன் பண்ணலாமே? யூபிஎஸ் இருந்தாலும் அதோட யூஎஸ்பி வயரைப் பெட்டியில சொருகலைன்னா பேட்டரி தீர்றது பெட்டிக்குத் தெரியாது. டேட்டாவை எழுதிட்டுப் பாரிட்டியை எழுதுறதுக்குள்ள கரண்ட் போனா ரெண்டும் ஒத்துப்போகாது. பின்னாடி ஒரு டிஸ்க் விழுந்தா அந்த இடத்துல கணக்குத் தப்பா வரும். ரெய்டு இருந்தா பேக்கப் வேணாம்னு யார் சொன்னது? தவறுதலா அழிச்சா நாலு டிஸ்க்லயும் சேர்த்துத்தான் அழியும். வாரம் ஒரு தடவை வெளி டிஸ்க்குக்கு காப்பி எடுத்து, கழட்டி வேற இடத்துல வைங்க.

டக் டக் சத்தம் வர்ற டிஸ்க்கு, போர்டு எரிஞ்ச டிஸ்க்கு நம்ம வேலை இல்ல. தூசி இல்லாத சுத்த அறை இருக்கிற இடத்துக்கு, சென்னைக்கோ பெங்களூருக்கோ போகணும். முடிஞ்சா நீங்களே நேர்ல கொண்டுபோங்க. கூரியர்னா ஒவ்வொண்ணையும் தனித்தனி ஆன்டி-ஸ்டாடிக் பையில போட்டு, சுத்தி ரெண்டு இன்ச் ஃபோம் வைங்க. செய்தித்தாளைச் சுருட்டி வெச்சா அசையும். கூட ஒரு தாள்ல டிஸ்க் வரிசை, எது முதல்ல விழுந்தது, கடைசியா எப்போ வேலை செஞ்சது, யார் என்னென்ன பட்டன் அழுத்தினாங்கன்னு ஒண்ணு விடாம எழுதுங்க. ரீபில்ட் பாதி ஓடினதை மறைச்சா அவங்க வேற கணக்குல தேடிட்டு இருப்பாங்க. காசு குடுக்கும் முன்னாடி ஃபைல் பட்டியல் மட்டும் பார்க்காதீங்க. பெரிய வீடியோ ஒண்ணை நடுவுலயும் கடைசியிலயும் ஓட்டுங்க, டேலி கம்பெனியைத் திறந்து போன மாசக் கணக்கைப் பாருங்க, பத்துப் படமாவது முழு அளவுல பெரிசாக்கிப் பாருங்க.