தலைவர் முகம் இல்லாத நாணயங்கள்

புதிய நாடுகளின் முதல் நாணயங்களில் தலைவர் முகமோ கொடியோதான் இருக்கும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அயர்லாந்தை மறந்துவிட்டீர்களே! 1922-ல் உருவான சுதந்திர அயர்லாந்து 1928-ல்தான் சொந்த நாணயம் வெளியிட்டது. கவிஞர் யேட்ஸ் தலைமையிலான குழு, சிற்பி பெர்சி மெட்காஃபின் வடிவங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒரு பக்கம் யாழ். மறுபக்கம் காசுக்கு ஒன்றாகக் குதிரை, சால்மன் மீன், காளை, வேட்டைநாய், முயல், பன்றி, கோழி, வுட்காக் என்ற காட்டுப்பறவை. பிரிட்டிஷ் மன்னர் முகம் எங்குமே கிடையாது. அந்தத் துணிச்சலுக்காகவே இந்த வரிசையைச் சேர்க்கத் தொடங்கினேன்.

எனக்குப் பிடித்தது ஒரு பென்னி. கோழி தன் குஞ்சுகளோடு நிற்கும். புழங்கித் தேய்ந்த காசில் முதலில் மழுங்குவது அதன் இறகு வரிகள்தான். அவை தெளிவாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒன்று: 1928-ன் மூன்று பென்னியும் ஆறு பென்னியும் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். அவற்றைவிட மதிப்பு கூடிய காசுகளான ஷில்லிங், ஃபுளோரின், அரை கிரவுன் மூன்றும் 75 சதவீத வெள்ளி, ஒட்டாது. ஒட்டினால் போலி. தயவுசெய்து எதையும் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். நான் அப்படிக் கெடுத்த ஷில்லிங்கில் காளையின் முதுகு இன்றும் கீறலாகவே இருக்கிறது.