‘செய்து கற்றால் 90 சதவீதம் நினைவில் நிற்கும்’ என்பது உண்மையா?

“படித்தால் 10 சதவீதம், கேட்டால் 20, செய்து பார்த்தால் 90 சதவீதம் நினைவில் நிற்கும். சின்ன வகுப்புகளுக்குச் செயல்பாட்டு மூலைகளே (பொருட்களை வைத்துக் குழந்தைகள் தாங்களே செய்து பார்க்கும் வகுப்பறை இடங்கள்) போதும், பாடம் நடத்தத் தேவையில்லை” என்று ஒரு முக்கோணப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அடியில் எட்கர் டேல் என்ற பெயர்.

அந்த எண்கள் அவருடையவை அல்ல. அமெரிக்கக் கல்வியாளரான டேல் 1946-ல் வெளியிட்ட ‘ஆடியோ விஷுவல் மெத்தட்ஸ் இன் டீச்சிங்’ நூலில், கற்கும் அனுபவங்களை நேரடியாகச் செய்வது முதல் வெறும் சொற்கள் வரை அடுக்கிக் காட்டும் ‘அனுபவக் கூம்பு’ என்ற படம் உண்டு, ஆனால் அதில் சதவீதம் எதுவும் இல்லை. நூலைப் புரட்டிப் பார்த்தாலே தெரியும். எண்கள் பின்னால் ஒட்டப்பட்டவை.

சரி, அப்படியானால் கையால் செய்து கற்பது வீணா? நிச்சயமாக இல்லை. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்த்துக் கழித்துப் பார்க்கும் குழந்தைக்கு, கழித்தலில் ‘கடன் வாங்குவது’ ஏன் என்று புரிகிறது. ஆனால் குச்சியில் செய்ததை எண்ணாக எழுத வைக்கவும், “இப்போ என்ன செய்தாய்?” என்று கேட்கவும் ஆசிரியர் பக்கத்தில் வேண்டும். இல்லாவிட்டால் குச்சி விளையாட்டாகவே நின்றுவிடும். கணிதத்தில் இத்தகைய பொருட்களைப் பயன்படுத்திய 55 ஆய்வுகளைத் தொகுத்து, 2013-ல் ‘ஜர்னல் ஆஃப் எஜுகேஷனல் சைக்காலஜி’ வெளியிட்ட கட்டுரையும், பலன் உண்டு, அது வழிகாட்டுதலைப் பொறுத்து மாறும் என்றே காட்டுகிறது.

அந்தப் படம் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.