பிளாக் எழுதுற விஞ்ஞானிங்ககிட்ட எனக்கு ஒரு வேண்டுகோள்

ஆராய்ச்சி பண்றவங்க பிளாக் எழுதினா அதை வேலை வெட்டி இல்லாதவன் பண்ற காரியமா பாக்குற ஆளுங்க யூனிவர்சிட்டிக்குள்ளயே இருக்காங்க. ஆராய்ச்சிப் பேப்பர் போட்டா மதிப்பு, கிரான்ட் வாங்கினா மதிப்பு, ராத்திரி உக்காந்து எல்லாருக்கும் புரியுற மாதிரி எழுதினா ப்ரமோஷன் கமிட்டி திரும்பிக்கூட பாக்காது. சரி, அது அவங்க பஞ்சாயத்து.

என் கடுப்பு வேற. எழுதுறவங்கள்லயும் நிறைய பேர் பிளாக்குங்கிற பேர்ல பிரஸ் ரிலீஸ்தான் எழுதுறாங்க. புற்றுநோய்க்கு புது வழி கண்டுபிடிச்சாச்சுன்னு இருக்கும், ஆனா எலியில பண்ணாங்களா மனுஷங்கள்ல பண்ணாங்களா, எங்க சொதப்புச்சு, எது இன்னும் சந்தேகமா இருக்கு, மூச்சு விட மாட்டாங்க.

பிளாக்னா எப்படி இருக்கணும்ங்கிறதுக்கு நான் எப்பவும் சொல்றது அந்த ஆர்சனிக் விவகாரம்தான். 2010 டிசம்பர் 2, நாசா பிரஸ் மீட். கலிபோர்னியால மோனோ ஏரியில எடுத்த பாக்டீரியா ஒண்ணு, உயிருக்கு அவசியமான பாஸ்பரஸுக்கு பதிலா விஷமான ஆர்சனிக்கை டிஎன்ஏவுக்குள்ளயே சேத்துக்குதாம், பேப்பர் வந்தது சயின்ஸ் இதழ்ல. வேற்றுகிரக உயிர் தேடல்னு முன்னாடியே கிளப்பி விட்டிருந்ததால மீடியா ஆடித் தீத்துருச்சு. ரெண்டே நாள்ல பிரிட்டிஷ் கொலம்பியா யூனிவர்சிட்டி நுண்ணுயிரியல் பேராசிரியர் ரோசி ரெட்ஃபீல்ட் தன்னோட பிளாக்ல அந்தப் பேப்பரைப் பிரிச்சு மேஞ்சுட்டாங்க. பாக்டீரியா வளத்த கலவையில பாஸ்பேட், அதாவது பாஸ்பரஸ் இருக்குற உப்பு, சேக்கலன்னு சொல்றீங்க, சரி, ஆனா மத்த உப்புல கலந்து வர்ற துளி பாஸ்பேட்டே இது வளரப் போதுமே? டிஎன்ஏவை ஒழுங்கா கழுவாம அளந்தா வெளிய ஒட்டியிருக்குற ஆர்சனிக்கும் கணக்குல வந்துடுமே?

பாருங்க, இந்தக் கேள்வி புரியுறதுக்கு டிகிரியே வேணாம்!

நாசா பக்கத்துலேருந்து வந்த பதில், இதெல்லாம் ஜர்னல்லதான் பேசணும், பிளாக்ல இல்லன்னு. அம்மா அசரல, அதே பாக்டீரியாவை வாங்கி வளத்து, என்ன நடந்துச்சு எது வேலைக்காகலன்னு பிளாக்லயே எழுதிட்டு வந்தாங்க, கடைசியில சுத்தம் பண்ணின டிஎன்ஏவுல ஆர்சனிக் இல்லன்னு 2012ல அதே சயின்ஸ் இதழ்லயே பேப்பரா வந்துச்சு. மூலப் பேப்பரை இதழ் வாபஸ் வாங்கினது எப்ப தெரியுமா, 2025 ஜூலை! மோசடின்னு யாரும் சொல்லல, முடிவுக்கு ஆதாரம் போதலன்னுதான், எழுதினவங்க அதையும் ஒத்துக்கல.

பிளாக்ல ஜர்னல் மாதிரி முன்கூட்டியே சரிபாக்குற ரெஃபரி கிடையாது, யாரு வேணா என்ன வேணா அடிச்சு விடலாமேன்னு கேப்பீங்க, வாஸ்தவம். இதய டாக்டர் பருவநிலை மாற்றம் பத்தி அடிச்சு விட்டாலும் டாக்டர்ங்கிற பேருக்கே ஷேர் பறக்குது. அதனாலதான் எனக்கு டேட்டாவை அப்படியே போட்டு, கமென்ட்ல தப்பு சொன்னா அழிக்காம பதில் சொல்ற ஆளு மேலதான் நம்பிக்கை.

எழுதுற புண்ணியவான்களே, ஜெயிச்ச சோதனையை எப்படியும் போடப் போறீங்க, ஃபெயிலானதையும் போடுங்க, நாங்க படிக்கிறோம்.