அரை கிலோ சர்க்கரையைக் குறைக்க மட்டும் தெரிந்தது

கணவரை இழந்த ஒரு பெண்ணை, ஒரே ஒரு சான்று இல்லை என்று வேலைவாய்ப்பு அலுவலகச் சரிபார்ப்பிலிருந்து திருப்பி அனுப்பியதைச் செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தேன். துறைகள் தங்களுக்குள் தகவலைப் பரிமாறிக்கொண்டால் இந்த அலைச்சல் இருக்காதே என்றும் கேட்டிருந்தேன். அந்தப் பதிவுக்குக் கீழே வந்த கருத்துகளை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "பேப்பரை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவங்க அரசு வேலைக்குப் போய் என்ன பண்ணப் போறாங்க" என்று ஒருவர் எழுத, அதற்கு நாற்பது பேர் லைக் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அவளிடம் பேப்பர் ஒழுங்காகத்தான் இருந்தது. அடுக்கிக் கொடுத்ததே நான்தான். எட்டு வருஷமாக இ-சேவை மையம் நடத்துகிறேன், எந்தப் பேப்பர் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பட்டன் வைத்த பச்சை பிளாஸ்டிக் ஃபைல். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி, டிசி, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஸ்மார்ட் கார்டு, ஆதார், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை. ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ். இல்லாமல் போனது ஒன்றே ஒன்று, ஆதரவற்ற விதவைச் சான்று. அதற்கும் என் மையத்தில்தான் விண்ணப்பித்தாள். 47 நாள் ஆகிறது. விஏஓ முடித்துவிட்டார், வருவாய் ஆய்வாளர் முடித்துவிட்டார், தாசில்தாரைத் தாண்டி கோட்டாட்சியர் லாகினில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சான்று இருந்தால்தான் பதிவில் முன்னுரிமை ஏறும். செவ்வாய்க்கிழமை நடந்ததோ முன்னுரிமைப் பிரிவுக்கான சரிபார்ப்பு. "சான்று இல்லாம எப்படிம்மா உள்ள எடுக்கிறது" என்று ஃபைலை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்த மேசையில் இருந்தவரை நான் குறை சொல்லவே இல்லை. போன பதிவிலும் சொல்லவில்லை, திரும்பப் படித்துப் பாருங்கள். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று என் கடையில் ஒரு எண்ணைப் போட்டால் திரையில் வருகிறது. அவர் மேசையில் அதைப் பார்க்க வழி இல்லை. நான் கேட்பது இதைத்தான்: பத்துக்குப் பத்து கடையில் இருக்கிற எனக்குத் தெரிவது, வேலை கொடுக்க உட்கார்ந்திருக்கிற அலுவலகத்துக்கு ஏன் தெரியக் கூடாது?

அந்த ஃபைலில் இருந்தது எல்லாமே அரசு கொடுத்ததுதான். மார்க் ஷீட் தேர்வுத் துறை கொடுத்தது, சாதிச் சான்று வருவாய்த் துறை கொடுத்தது, இறப்புச் சான்று பேரூராட்சி கொடுத்தது, ஸ்மார்ட் கார்டு உணவுத் துறை கொடுத்தது. அரசின் ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை நம்புவதற்கு, நடுவில் ஒரு பெண் இரண்டு பஸ் மாறி, ஜெராக்ஸ் எடுத்து, கெசட்டட் கையெழுத்து வாங்கிச் சுமக்க வேண்டுமா? அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருக்கிற ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017லேயே விதி வந்துவிட்டது. போனில் எடுத்துக் காட்டினாள். "அசல் கொண்டு வாங்க" என்றுதான் சொன்னார்கள்.

துறைகளுக்குள் தகவல் பரிமாற்றமா, அதெல்லாம் நம்மூரில் நடக்கிற காரியமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நடக்கிறது தம்பி. அவள் புருஷன் இறந்து ரேஷன் கார்டில் பெயர் எடுத்த மாதமே சர்க்கரை அரை கிலோ குறைந்தது. குறைந்துவிட்டது என்று போனுக்கு எஸ்எம்எஸ் கூட வந்தது. மகளிர் உரிமைத் தொகைக்கு 2023ல் மனு வாங்கினார்களே, அப்போது என் மையத்துக்கு எத்தனை பேர் வந்து அழுதார்கள் தெரியுமா? ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஓடியிருக்கிறதா, ஐந்து ஏக்கர் நன்செய்க்கு மேல் இருக்கிறதா, வீட்டில் கார் நிற்கிறதா, யாராவது வருமான வரி கட்டுகிறார்களா என்று அத்தனை துறைக் கணக்கையும் வைத்துப் பார்த்துத்தானே சுமார் 1 கோடியே 6 லட்சம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்? செப்டம்பர் 15க்குள் முடித்தும் காட்டினார்கள். அது தப்பு என்று சொல்லவில்லை. தகுதியில்லை என்று தள்ள வேண்டும் என்றால் மின்வாரியமும் பதிவுத் துறையும் போக்குவரத்துத் துறையும் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார முடிகிறது. ஒருத்தியை வேலையில் சேர்க்க வேண்டும் என்றால் மட்டும் ஏன் முடியவில்லை?

இதை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு ஆறவில்லை. குறைக்கும்போது அவளை எதுவுமே கேட்கவில்லை. கொடுக்கும்போது மட்டும் எல்லாவற்றையும் அவளே நிரூபிக்க வேண்டுமா?

"போலிச் சான்றிதழ் வச்சு ஏமாத்துறாங்களே, அதனாலதான் அசல் கேட்கிறாங்க" என்று இரண்டு பேர். சரி, போலியை எங்கே அடிக்கிறார்கள்? பேப்பரில்தான். தேர்வுத் துறை கணினியிலிருந்து நேராக மார்க் வந்தால் யார் திருத்த முடியும்? நீங்கள் சொல்வது என் பக்கத்து வாதம்.

"விசாரிக்காமலே ஆதரவற்றவர் என்று கொடுத்துவிட முடியுமா? மறுமணம் ஆகியிருந்தால்?" என்று கேட்ட ஓய்வுபெற்ற அண்ணன் வருவாய்த் துறையிலேயே இருந்தவர். அவர் கேட்டது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். அதை யாராவது நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும், கணினி சொல்லாது. அதை மட்டும் விசாரியுங்கள் அண்ணா. புருஷன் எப்போது இறந்தார், எத்தனை பிள்ளை, எந்தத் தெரு என்பதெல்லாம் ஏற்கெனவே உங்கள் துறையின் வாரிசுச் சான்றிலேயே இருக்கிறது. அதையும் மேசைக்கு மேசை கேட்டார்கள். ஆறு இடத்தில் அவள் அதே கதையைச் சொன்னாள். ஒரு இடத்தில், பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது, "சத்தமா சொல்லுங்க" என்றார்களாம். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. ஃபைலின் அந்தப் பட்டனைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்தது தனியுரிமை. இதை எழுதியவர்கள் படித்தவர்கள், மரியாதையாகவே எழுதியிருக்கிறார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2017 தீர்ப்பு எனக்கும் தெரியும். எல்லாத் துறைத் தகவலையும் ஒரே பெட்டியில் கொட்டிவிட்டால் நாளைக்கு எவன் கையில் கிடைக்கும் என்ற பயம் எனக்கும் உண்டு. அவள் சாதியும் அவள் வீட்டுச் சாவும் ஏதோ ஒரு கம்பெனி ஆள் எடுப்பவனுக்குத் தெரியக் கூடாது. நான் கேட்பது பெட்டி இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகம் ஒரு கேள்வி கேட்கட்டும், வருவாய்த் துறை ஆம், இல்லை என்று ஒரு பதில் சொல்லட்டும். அதற்கு அவள் ஓடிபி போட்டுச் சம்மதம் கொடுக்கட்டும், யார் எப்போது பார்த்தார்கள் என்று அவள் போனுக்கு வரட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். இப்போது மட்டும் தனியுரிமை இருக்கிறதா? போன மாதம் எங்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வடை வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாள் ஒரு பையனின் சாதிச் சான்று ஜெராக்ஸ். பெயர், அப்பா பெயர், தெரு, எல்லாம் எண்ணெயில் ஊறிப் போயிருந்தது. எத்தனையோ கவுண்டரில் கொடுத்த மூன்று மூன்று ஜெராக்ஸ் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? அதற்காக ஒருவரும் வழக்குப் போடவில்லை. ஏழையின் பேப்பர் எடைக்குப் போகும்போது வராத கவலை, அவளுக்கு ஒரு வேலை கிடைக்கும் என்றால் மட்டும் வருகிறதே என்றுதான் எனக்கு வலிக்கிறது.

"முதல்ல வேலை எங்க இருக்கு? தகவலைச் சேர்த்தா வேலை முளைச்சிடுமா?" முளைக்காதுதான். ஆனால் 1959லேயே சட்டம் போட்டார்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற தனியார் நிறுவனமும் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று இல்லை, சொன்னால் போதும். எத்தனை பேர் சொல்கிறார்கள்? எந்தக் கம்பெனியில் எத்தனை பேர், இந்த மாதம் எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்குப் பணம் கட்டுவது நின்றது என்று பிஎஃப் ஆபீசுக்கும் தொழிலாளர் காப்பீடு பார்க்கிற இஎஸ்ஐக்கும் மாதாமாதம் தெரிகிறது. அதை வேலைவாய்ப்பு அலுவலகத்தோடு சேர்த்துப் பார்த்தால் யார் சொல்லவில்லை என்று தெரிந்துவிடாதா?

எங்கள் தெருவில் ஸ்பின்னிங் மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்த ஒருவர். நிறுத்திவிட்டார்கள். இஎஸ்ஐயில் வேலை போனவர்களுக்கு 90 நாள் வரை உதவித் தொகை தருகிற அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் 2018ல் வந்தது. அவருக்குப் பெயர் கூடத் தெரியாது. பணம் கட்டுவது நின்றது இஎஸ்ஐ கணினிக்குத் தெரியும், ஒரு எஸ்எம்எஸ் போகவில்லை. நாமாகத் தெரிந்து, நாமாக விண்ணப்பித்தால்தான் உண்டு. அவர் என்னிடம் வந்து விசாரிப்பதற்குள் வீட்டில் இருந்த இரண்டு ஆட்டையும் விற்றிருந்தார்.

உனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தோழி ஒருத்தி இன்பாக்ஸில் கேட்டாள். எங்கள் அப்பா 1978ல் எஸ்எஸ்எல்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்துப் போய் பதிவைப் புதுப்பித்து, அட்டைக்குப் பின்னால் சீல் வாங்கி வருவார். நான்காவது தடவை மஞ்சள் காமாலையில் அரசு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தேதி தப்பியது. இருந்த பதிவு மூப்பு முழுவதும் போய், புதிதாக வரிசைக்குக் கடைசியில் நின்றார். அரசு ஆஸ்பத்திரியின் நோட்டில் அவர் பெயர் இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகம் அதே ரோட்டில்தான் இருந்தது. அப்போது கம்ப்யூட்டர் இல்லை, விட்டுவிடுவோம். இப்போது இருக்கிறதே. அந்த அட்டை இன்னும் அம்மாவின் தகரப் பெட்டியில், பழைய ரேஷன் கார்டோடு கிடக்கிறது. அவருக்குக் கடைசி வரை நேர்காணலுக்குக் கூப்பிட்டு ஒரு கார்டு வரவில்லை.

பள்ளியிலேயே மார்க் ஷீட் கொடுக்கிற நாளில் பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்புப் பதிவு செய்து கொடுக்கிறார்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். பள்ளிக்கூடமும் வேலைவாய்ப்பு அலுவலகமும் கை கோத்தால் ஒரு பிள்ளைக்கும் அலைச்சல் இல்லை. அதே கையை வருவாய்த் துறையோடும் கோத்துக்கொள்ளச் சொன்னால் நான் அரசுக்கு எதிரியா? "இந்தம்மா எந்தக் கட்சி" என்று கேட்டவருக்கும் இதுதான் பதில்.

இன்று காலையும் அவள் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில்தான் நிற்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பேப்பர் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்ற அந்தக் கருத்தை நான் அழித்திருக்கலாம், அழிக்கவில்லை, எழுதியவரே எடுக்கட்டும் என்று விட்டேன். நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "அக்கா, நான் எதையாவது வைக்க மறந்துட்டேனா?" படித்திருக்கிறாள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.